தற்காப்புக் கலை கிளப்புகளில் பயிற்சியைத் தவிர ஜாலியாக என்னென்ன நடக்கும்?

நிறையவே நடக்கும். எனக்கு ரொம்பப் பிடித்தது நடனம் போலவே ஆடப்படும் பிரேசிலியச் சண்டைக் கலையான கபோய்ராவில் உள்ள 'பட்டிசாடோ' விழா. பெரிம்பாவ் என்ற ஒற்றைக் கம்பி வில் வாத்தியம் இசைக்க, எல்லோரும் வட்டமாக நின்று பாடிக் கைதட்டுவார்கள். புது மாணவர் நடுவில் இறங்கி ஆசானோடு ஆடுவார். ஆசான் சமயம் பார்த்து லேசாகக் காலை வாரிவிடுவார். விழுந்து எழுந்தவருக்கு தகுதியைக் காட்டும் முதல் கயிறு இடுப்பில் ஏறும். பல குழுக்களில் பட்டப்பெயரும் உண்டு. 1890-இல் கபோய்ரா சட்டவிரோதமானபோது, போலீஸிடம் சொந்தப் பெயர் சிக்காமல் இருக்க அது உதவியது என்பார்கள்.

ஜூடோவில், டோக்கியோவில் உள்ள ஜூடோ தலைமையகமான கோடோகானில் ஜனவரியில் 'ககாமி பிராக்கி' என்ற புத்தாண்டு விழா நடக்கும். செயல்விளக்கங்கள் முடிந்ததும் அரிசி உருண்டை போட்ட இனிப்புப் பயறு சூப் கிடைக்கும்.

அப்புறம், தரையில் பிடித்து மல்லுக்கட்டும் கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சு கிளப்புகள் சிலவற்றில் புது பெல்ட் வாங்கியவரை வரிசையாக நின்று பெல்ட்டால் முதுகில் அடிப்பார்கள். மனமில்லை என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நல்ல கிளப்பில் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.