பந்து வரும் முன்பே தலை திருப்பியவர்: ஷாபி அலோன்சோ கேள்வி பதில்

ஸ்பெயினின் நடுக்கள ஆட்டக்காரராக இருந்து பிறகு பயிற்சியாளரான ஷாபி அலோன்சோவை, அவர் ரியல் சொசியடாட் கிளப்பில் ஆடிய நாட்களிலிருந்து விடாமல் பார்த்து வருகிறேன் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னதன் விளைவு இது. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில்கள்.

கேள்வி: முதலில் பெயரைச் சொல்லுங்கள் அண்ணா. சாபியா, ஷாபியா, க்ஸாபியா?

ஷாபி. அவர் வட ஸ்பெயினின் பாஸ்க் நாட்டுக்காரர். பெயரை Xabi என்று எழுதுவார்கள், பாஸ்க் மொழியில் X எழுத்துக்கு 'ஷ' ஒலி. பார்சிலோனாவில் ஆடிய இன்னொருவரைத்தான் நம் ஊரில் 'சாவி' என்று எழுதுகிறார்கள். நடுக்களத்தைத் திறக்கிற ஆளுக்குப் பொருத்தமான பெயர்தான்! ஸ்பெயின் அணியில் இருவரும் சேர்ந்து ஆடியதால் குழப்பம் தீரவே இல்லை.

கேள்வி: அப்பாவும் ஆட்டக்காரராமே? வாரிசு என்பதால் வழி சுலபமாக இருந்ததா?

அப்பா பெரிகோ அலோன்சோ. ரியல் சொசியடாட் 1981, 1982 இரண்டு ஆண்டும் ஸ்பெயின் லீக்கை வென்றபோது நடுக்களத்தில் இருந்தவர். பிறகு பார்சிலோனாவுக்குப் போய் அங்கும் ஒரு லீக் வென்றார். ஷாபி 1981 நவம்பரில் தொலோசாவில் பிறந்தார், வளர்ந்தது பெரும்பாலும் சான் செபாஸ்டியனில்.

வீட்டில் பந்து இருந்தது உண்மை. ஆனால் 2000-ல் அவரை இரண்டாம் டிவிஷனில் இருந்த எய்பாருக்குக் கடனாக அனுப்பினார்கள். சில மாதத்திலேயே சொசியடாட் பயிற்சியாளர் ஜான் டோஷாக் திரும்ப அழைத்து, இருபது வயதுகூட ஆகாதவரிடம் கேப்டன் பட்டையைக் கொடுத்தார். அணி அப்போது லீக்கின் அடிமட்டத்தில் கிடந்தது. மூழ்குகிற படகில் துடுப்பைக் கையில் கொடுப்பதை வாரிசுச் சலுகை என்று சொல்ல மாட்டேன். 2002-03-ல் அதே அணி ரியல் மாட்ரிட்டுக்கு இரண்டே புள்ளி பின்னால் இரண்டாம் இடம் பிடித்தது.

கேள்வி: பின்னாளில் ஆர்சனல் பயிற்சியாளரான ஆர்டெட்டாவும் இவரும் பால்ய சிநேகிதர்களாமே?

ஆமாம். சான் செபாஸ்டியனின் கொஞ்சா கடற்கரையில் அலை இறங்கும் நேரத்தில் பிள்ளைகள் பந்தாடுவார்கள். இருவரும் அங்கே ஆடியவர்கள், ஆன்டிகுவோகோ என்ற சிறுவர் கிளப்பிலும் சேர்ந்து ஆடினார்கள். வேடிக்கை என்னவென்றால், 2004-ல் ஆர்டெட்டா ரியல் சொசியடாட்டுக்கு வந்து சேர்ந்த அதே கோடையில் ஷாபி லிவர்பூலுக்குக் கிளம்பிவிட்டார். சில மாதம் கழித்து ஆர்டெட்டாவும் லிவர்பூல் நகரத்துக்கே போனார், ஆனால் எதிர்முகாமான எவர்டனுக்கு!

கேள்வி: இஸ்தான்புல்லில் நடந்த 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பெனால்ட்டியை வீணடித்தவர் இவர்தானே?

வீணடித்த அடுத்த நொடியே கோலும் போட்டவர். இடைவேளையில் மிலான் 3-0. பிறகு லிவர்பூலுக்கு ஜெரார்டு ஒன்று, ஸ்மிட்சர் ஒன்று, அப்புறம் பெனால்ட்டி. மிலான் கோல்கீப்பர் டிடா தடுத்தார், திரும்பி வந்த பந்தை ஷாபி இடது காலால் மேல்வலையில் ஏற்றினார். 3-3. கடைசியில் பெனால்ட்டி ஷூட்டவுட்டில் லிவர்பூலுக்குக் கோப்பை.

இதையும் சொல்லிவிடுகிறேன். 2006 ஜனவரியில் லூட்டன் அணிக்கு எதிராகத் தன் பாதிக் களத்திலிருந்தே ஒரு கோல் அடித்தார். அந்த சீசனில் அவர் இப்படி ஒரு கோல் போடுவார் என்று முன்கூட்டியே 200 பவுண்டு பந்தயம் கட்டிய ரசிகர் ஒருவருக்கு 25,000 பவுண்டு கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நியூகாசிலுக்கு எதிராக மறுபடியும் அதேபோல் அடித்தார். யாராவது மறுபடி பந்தயம் கட்டினார்களா தெரியவில்லை.

கேள்வி: வேகம் இல்லை, டிரிபிளிங் இல்லை, கோலும் அதிகம் இல்லை. இவரை ஏன் இவ்வளவு தூக்கி வைக்கிறீர்கள்?

காலைப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. தலையைப் பாருங்கள். பந்து வருவதற்கு முன் இரண்டு மூன்று முறை தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். வந்ததும் யோசிக்க வேண்டிய வேலை மிச்சம் இருக்காது, நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி ஓடுகிறவன் காலடியில் போய் விழும்.

இங்கிலாந்தில் இளம் வீரர்கள் தங்கள் பலம் என்று 'டாக்கிளிங்' எழுதுவதைப் பார்த்து அவர் வியந்திருக்கிறார். சறுக்கிப் பந்தைப் பறிப்பது கடைசி வழி, அதைக் குறிக்கோளாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் கட்சி. சரியான இடத்தில் நிற்பவன் ஏன் தரையில் விழ வேண்டும்? அவர் பயிற்றுவித்த அணிகளைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும்.

கேள்வி: 2010 உலகக்கோப்பை இறுதியில் நெஞ்சில் உதை வாங்கியது இவரா?

இவரேதான். நெதர்லாந்தின் டி யோங் காலைத் தூக்கி நெஞ்சில் வைத்தார். நடுவர் ஹாவர்ட் வெப் மஞ்சள் அட்டையோடு நிறுத்திக்கொண்டார். சிவப்பு காட்டியிருக்க வேண்டும் என்று பிறகு அவரே ஒத்துக்கொண்டார். 2008, 2012 யூரோ கோப்பைகளும் இவர் கணக்கில் உண்டு. 2012 காலிறுதியில் பிரான்சுக்கு எதிராக ஆடியது அவருடைய 100-வது சர்வதேச ஆட்டம், ஸ்பெயினின் இரண்டு கோலும் அவர் போட்டதுதான்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு நேராகப் பெரிய கிளப் கிடைத்திருக்குமே சார்?

கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். பெனிட்டெஸ், மொரினியோ, அன்செலோட்டி, குவார்டியோலா என்று பெரிய பயிற்சியாளர்கள் எல்லாரிடமும் ஆடியவர். 2017-ல் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கில் பூட்ஸைக் கழற்றினார். பிறகு ரியல் மாட்ரிட்டில் 14 வயதுக்குட்பட்ட பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 2019 முதல் மூன்று ஆண்டு ரியல் சொசியடாட்டின் இரண்டாம் அணி. 2021-ல் அந்த அணியை, ஏறக்குறைய அறுபது ஆண்டுக்குப் பிறகு, இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினார். அடுத்த ஆண்டே கீழே இறங்கியது. அந்தச் சறுக்கலைப் பலரும் சொல்வதில்லை. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அடி வாங்கிய இடம் கேமராக்கள் அதிகம் இல்லாத இடம்.

கேள்வி: லெவர்குசனில் அப்படி என்ன செய்தார்? சுருக்கமாக வேண்டாம், விவரமாகச் சொல்லுங்கள்.

2022 அக்டோபரில் அவர் பயிற்சியாளராக வந்தபோது ஜெர்மன் லீக்கான புண்டஸ்லிகாவின் 18 அணிகளில் லெவர்குசன் 17-ம் இடம். முதல் ஆட்டத்தில் ஷால்கவை 4-0 என்று சாய்த்தார்கள். ஆனாலும் முதலில் அவர் செய்தது அலங்கார வேலை இல்லை. பின்னால் மூன்று பேரை நிறுத்தி, ஓட்டையை அடைத்தார். அந்த சீசன் ஆறாம் இடத்தில் முடிந்தது.

அடுத்த கோடையில் ஆர்சனலிலிருந்து ஷாக்கா, பென்ஃபிகாவிலிருந்து பணம் கொடுக்காமலே கிரிமால்டோ. ஷாக்காதான் களத்துக்குள் இருந்த அலோன்சோ. இடது ஓரத்தில் கிரிமால்டோ, வலது ஓரத்தில் ஃபிரிம்போங். பெயருக்குத் தற்காப்பு, ஆனால் இருவரும் சேர்ந்து லீக்கில் 19 கோல். நடுவில் விர்ட்ஸ். சின்னச் சின்ன பாஸ்களால் எதிரணியை ஒரு பக்கம் இழுத்து, சட்டென்று மறுபக்கம் திறப்பார்கள்.

2024 ஏப்ரல் 14 அன்று பிரேமனை 5-0 என்று வென்று, ஐந்து ஆட்டம் மீதி இருக்கும்போதே பட்டம். 1904-ல் தொடங்கிய கிளப்புக்கு முதல் லீக் பட்டம் இது. பயர்னின் தொடர்ச்சியான 11 பட்டங்கள் அத்தோடு நின்றன. 34 ஆட்டத்தில் 28 வெற்றி, 6 டிரா, தோல்வி கிடையாது. புண்டஸ்லிகாவில் இதற்கு முன் யாரும் செய்யாதது. எப்போதும் இரண்டாவதாக வரும் கிளப் என்று 'விஸெகுசன்' எனக் கிண்டல் வாங்கிய ஊர் அது!

கேள்வி: கடைசி நிமிட கோல்கள் எல்லாம் அதிர்ஷ்டம்தானே?

ஒன்றிரண்டு என்றால் ஒத்துக்கொள்வேன். கராபாக் அணிக்கு எதிராக 1-2 என்று பின்தங்கி, இஞ்சுரி டைமில் ஷிக் இரண்டு கோல். டார்ட்மண்ட், ஸ்டட்கார்ட், ரோமா என்று கதை தொடர்ந்தது. தோற்கிற அணிகள் கடைசியில் பந்தைக் கண்மூடித் தூக்கி அடிக்கும். இவர்கள் 95-வது நிமிடத்திலும் அதே பாஸ்தான் ஆடினார்கள். களைத்துப் போனவன்தான் முதலில் இடத்தைத் தவறவிடுவான்.

51 ஆட்டம் தோல்வியின்றிப் போன பிறகு டப்ளினில், யூரோப்பா லீக் இறுதியில் அட்லாண்டா 3-0 என்று உடைத்தது. லுக்மன் மூன்றும் போட்டார். மூன்றே நாளில் ஜெர்மன் கோப்பையை பத்துப் பேரோடு வென்றார்கள், ஷாக்காவின் கோல்.

கேள்வி: மாட்ரிட்டில் மட்டும் ஏன் எடுபடவில்லை?

2025 ஜூனில் ரியல் மாட்ரிட்டின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார், 2026 ஜனவரியில், சூப்பர் கோப்பை இறுதியில் பார்சிலோனாவிடம் தோற்ற மறுநாள், பிரிந்தார். அக்டோபரில் லீக்கில் பார்சிலோனாவை 2-1 என்று வென்றதும் இதே மனிதர்தான். அன்றே, தன்னை மாற்றி எடுத்ததற்கு மாட்ரிட் வீரர் வினிசியுஸ் களத்தில் கொதித்தார். அலோன்சோவுக்குப் பின் பயிற்சியாளராக வந்தவர், லிவர்பூலிலும் மாட்ரிட்டிலும் உடன் ஆடிய நண்பர் அர்பெலோவா.

என் கணிப்பு இது: அவருடைய ஆட்டத்துக்கு எல்லாரும் பந்தில்லாமலும் வேலை செய்ய வேண்டும். லெவர்குசனில் அவரை நம்பினால் மேலே போகலாம் என்ற பசி இருந்தது. மாட்ரிட்டின் உடைமாற்றும் அறையில் ஏற்கெனவே எல்லாம் வென்று வயிறு நிறைந்தவர்கள் இருந்தார்கள். அவர் பக்கமும் தவறு உண்டு. அங்கே ஆட்டத் திட்டத்துக்கு முன் ஆட்களைக் கையாள வேண்டும். அந்தக் கலையை அன்செலோட்டியிடம் பக்கத்திலிருந்தே பார்த்தவர்.

கேள்வி: என் பையனுக்குப் பன்னிரண்டு வயது, நடுக்களத்தில் ஆடுகிறான். ஷாபியின் எந்த வீடியோவைக் காட்டட்டும்?

கோல் தொகுப்பு வேண்டாம். பயர்ன் காலத்து முழு ஆட்டம் ஏதாவது ஒன்று போடுங்கள், முதல் இருபது நிமிடம் போதும். பந்தைப் பார்க்க விடாதீர்கள். ஷாபி எத்தனை முறை தலை திருப்புகிறார் என்று மட்டும் எண்ணச் சொல்லுங்கள். முதல் நாள் கண் தானாகப் பந்துக்கே ஓடும், விட்டுவிடுங்கள். மறுநாள் மறுபடியும் அதே இருபது நிமிடம்.