எபிடியூரல்: மருந்தின் பெயரை விடுங்கள், காலைப் பாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி: அப்பாவுக்கு 66 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அடுத்த வாரம் சத்திரசிகிச்சை. வலிக்கு எபிடியூரல் (முதுகில் ஊசியால் வைக்கும் மெல்லிய குழாய்) வழியாக பியூப்பிவக்கேயின் என்ற மரப்பு மருந்தும், மோர்ஃபின் வகை வலி மருந்தான ஃபென்டனிலும் கொடுப்பார்களாம். ரோப்பிவக்கேயின் என்ற இன்னொரு மரப்பு மருந்துதான் நல்லது என்று இணையத்தில் இருக்கிறது. ஃபென்டனிலுக்கு அடிமையாகிவிடுவாரா? முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போகுமா? இரத்தக்கசிவுக்குப் பயந்து, இதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த அஸ்பிரினையும் க்ளோபிடோக்ரெலையும் நாங்களே நிறுத்திவிட்டோம்.

பதில்: மகள், முதலில் கடைசி வரிக்கு வருகிறேன். யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள்? ஸ்டென்டில் இரத்தம் உறைந்தால் மாரடைப்பு வரும். எபிடியூரலுக்கு அஸ்பிரின் பொதுவாகத் தடையே இல்லை. க்ளோபிடோக்ரெலை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்துவது வழக்கம்தான், ஆனால் அதை இதய வைத்தியரும் மயக்க மருந்து வைத்தியரும் பேசி முடிவெடுக்க வேண்டும். இன்றே இரண்டு பேருக்கும் சொல்லுங்கள்.

மருந்துகளைப் பற்றிப் பயமே வேண்டாம். எபிடியூரலில் போகும் மிகக் குறைந்த செறிவில், பியூப்பிவக்கேயினுக்கும் ரோப்பிவக்கேயினுக்கும் உள்ள வித்தியாசம் அப்பாவுக்குத் தெரியவே தெரியாது. மரப்பு மருந்தை மட்டும் கூட்டிக் கொடுத்தால் பிரஷர் இறங்கும், கால் மரக்கும். ஃபென்டனிலை மட்டும் கொடுத்தால் படுத்திருக்கும்போது சுகமாக இருக்கும், இருமும்போது வயிறு வலிக்கும். அதனால்தான் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிறோம். ஃபென்டனிலுக்குப் பதில் மோர்ஃபின் போட்டால், அது மெல்ல மேலே ஏறி மணித்தியாலங்கள் கழித்துக்கூட மூச்சை மந்தமாக்கலாம் என்பதால் 24 மணித்தியாலம் கண்காணிப்போம். இரண்டு மூன்று நாள் ஃபென்டனிலில் யாரும் அடிமையாவதில்லை. உடம்பு அரித்தால் தாதியிடம் சொல்லுங்கள், போதும்.

சரி, கால். ஊசியால் கால் விளங்காமல் போவது மிக மிக அரிது. அப்படி நடந்தால் பெரும்பாலும் முண்ணாணுக்கு (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டுக்கு) வெளியே இரத்தம் கட்டி அதை அழுத்துவதுதான் காரணம். நேரத்தோடு கண்டுபிடித்தால் காப்பாற்றலாம். நான் வார்டுக்குப் போனதும் "முழங்காலை மடக்குங்கோ, குதிக்காலைத் தூக்குங்கோ" என்றுதான் முதலில் கேட்பேன். நீங்களும் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள். காலையில் தூக்கிய காலை மத்தியானம் தூக்க முடியவில்லை என்றால், "மருந்தால மரத்திருக்கும்" என்று யார் சொன்னாலும் விடாதீர்கள், மயக்க மருந்து வைத்தியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். மருந்தை நிறுத்துவார்கள். 4 மணித்தியாலத்துக்குள் பலம் திரும்பாவிட்டால் உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். இரத்தக்கட்டியை 8 முதல் 12 மணித்தியாலத்துக்குள் அகற்றினால்தான் கால் மீளும் வாய்ப்பு நன்றாக இருக்கும். விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

எபிடியூரல் குழாயைக் கழற்றும் நேரமும் இதே அளவு ஆபத்தானது. இரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் போடும் எனொக்ஸாபரின் ஊசிக்குப் பிறகு குறைந்தது 12 மணித்தியாலம் கழித்தே கழற்றுவார்கள். "கெதியா கழட்டி விடுங்கோ" என்று தாதியை அவசரப்படுத்தாதீர்கள். கழற்றிய பிறகும் ஒரு நாள் காலைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு முதுகுவலி வந்தாலோ, கால் தளர்ந்தாலோ, பாமசியில் குளிசை வாங்கிக் கொடுக்காமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். வந்தவர்களிடம் எபிடியூரல் போட்டதை முதலில் சொல்லுங்கள்.