ஞாயிற்றுக்கிழமை மலைக்கு என்ன கத்தி?

கேள்வி: தக்கலைப் பக்கம் வீடு. நண்பர்கள் நாலைந்து பேர் விடுமுறை நாளில் மருத்துவாழ் மலை, காளிகேசம் என்று நடந்துவிட்டு வருவோம். சித்தப்பாவின் ரப்பர் விளையில் அடுப்புக் கூட்டிச் சமைப்பதும் உண்டு. மடங்காத சிறிய கத்தி ஒன்று வேண்டும். இணையத்தில் 10 அங்குல அலகுள்ள 'டமாஸ்கஸ்' கத்தி பார்த்தேன். முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் திசைகாட்டி, விலை 1,900 ரூபாய். அப்பாவோ, மார்த்தாண்டத்தில் கொல்லரிடம் லாரிப் பட்டையில் (ஸ்பிரிங் தகட்டில்) அடித்து வாங்கு என்கிறார். எதை வாங்கலாம்? லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி. அதற்கு அப்புறம் வருகிறேன். அந்த 10 அங்குலத்தை மட்டும் வாங்காதீர்கள்.

ஒருநாள் நடையில் கத்திக்கு என்ன வேலை? கயிறு அறுக்க, மாங்காய் நறுக்க, அடுப்புப் பற்றவைக்கக் காய்ந்த குச்சியைச் சீவ. வீட்டில் பிச்சாத்தி செய்கிற வேலைதான். அலகு நாலு அங்குலம் போதும். தடிமன் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர். ஐந்து மில்லிமீட்டரில் வருவது பார்க்க முரடாக இருக்கும், மாங்காயில் வைத்தால் நறுக்காது, பிளக்கும். விறகு வெட்ட விளையில் வெட்டுகத்தி கிடக்குமே.

பிடிக்குள் திசைகாட்டி இருக்கிறது என்றால் பிடி வெறும் குழாய் என்று அர்த்தம். அலகின் வால், அதாவது பிடிக்குள் செருகுகிற பகுதி, அதற்குள் எவ்வளவு போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வால் பிடியின் பாதியைத் தாண்டியாவது போக வேண்டும். கடைசி வரை போனால் நிம்மதி. முதுகில் உள்ள ரம்பம் எந்த மரத்தையும் அறுக்காது, உறையைத்தான் அறுக்கும்.

இனி அந்த 'டமாஸ்கஸ்'. இரண்டு வகை எஃகைச் சேர்த்துக் காய்ச்சி அடித்து, அமிலத்தில் நனைத்தால் அலை அலையாகக் கோலம் தெரியும். அது அழகு, அவ்வளவுதான். வெட்டுகிற வாய் எத்தனை நாள் கூர் நிற்கும் என்று கோலம் சொல்லாது. மலிவு விலையில் வருவதில் சாதாரணத் தகட்டின் மேல் கோலத்தை மட்டும் அரித்து விட்டிருப்பார்கள். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்ற பேச்சும் இதே ரகம். எஃகின் ரகம் '440' என்று மட்டும் போட்டிருந்தால் 440ஏவா, 440சியா என்று கேளுங்கள். சியில் கார்பன் ஒரு சதவீதத்தை ஒட்டி இருக்கும், ஏயில் முக்கால் சதவீதத்துக்குள். விற்பவருக்குப் பதில் தெரியாது. அதுவே உங்களுக்குப் பதில்.

முப்பது வருடம் உலை முன்னால் நின்றவன் என்பதால் சொல்கிறேன்: எஃகின் பெயரைவிடத் தோய்ச்சல், அதாவது காய்ச்சிய அலகைச் சட்டென்று ஆற்றிக் கடினமாக்குவது, முக்கியம். சந்தையில் காகிதத்தை அந்தரத்தில் பிடித்துச் சர்ரென்று கிழித்துக் காட்டுவார்கள். அதில் மயங்காதீர்கள். புதிதாகச் சாணை பிடித்தால் தகரம்கூடக் காகிதம் கிழிக்கும். காய்ந்த குச்சியில் இருபது சீவல் சீவிவிட்டு அதே காகிதத்தைத் திரும்ப வெட்டச் சொல்லுங்கள், வித்தை அங்கேயே முடிந்துவிடும். கையில் புது அரம் இருந்தால் பிடிக்குப் பக்கத்தில் வாய் ஓரத்தில் லேசாக வையுங்கள். நல்ல தோய்ச்சலில் அரம் வழுக்கும், அல்லது சிரமப்பட்டுக் கீறும். ஆணியை அராவுவதுபோலச் சுலபமாகத் தின்றால் கத்தியைத் திருப்பிக் கொடுங்கள். பித்தளைக் கம்பியில் வாயைச் சாய்த்து அழுத்தினால் சற்று வளைந்து திரும்ப வேண்டும். வளைந்தே நின்றால் இளசு, சில்லு பெயர்ந்தால் முறுகல்.

லாரிப் பட்டை நல்ல எஃகுதான், கார்பன் 0.6 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆனால் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். இன்னொன்று, தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்த பிறகு, தேய்த்துப் பளபளப்பாக்கிய இடம் வைக்கோல் நிறத்துக்கு வரும்வரை மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள். வியாபாரியிடம் போகாமல் பட்டறைக்கே போங்கள். தகட்டில் வெட்டியெடுத்த கத்தியில் நாலு சுத்தியல் தடம் போட்டு 'கொல்லர் அடித்தது' என்று விற்கிற இடைத்தரகர்களுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை.

ஆனால் நமக்கு இரண்டு பருவமழை, போதாததற்குக் கடல்காற்று. பட்டைக் கத்தி ஒரே வாரத்தில் துரு ஏறும். அதனால் துருப்பிடிக்காத எஃகே என் தேர்வு. ஸ்வீடனின் மோரா கம்பெனியின் கம்பேனியன் போன்றது போதும்: அலகு சுமார் 10 செ.மீ., பிளாஸ்டிக் உறை. தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். எந்த உறையானாலும் தலைகீழாகக் குலுக்கிப் பாருங்கள், கத்தி விழக் கூடாது.

லைசென்ஸ் விஷயம். 2016 ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகைப் பற்றித்தான் பேசுகின்றன. உங்கள் நாலு அங்குலத்துக்கு வேண்டாம். "கத்திக்கு லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் நடையைக் கட்டுங்கள். அப்படியானால் சித்தப்பாவின் நீள வெட்டுகத்தி? வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் இவற்றுக்கென்று செய்த கருவிகளுக்கு விலக்கு உண்டு. அதாவது வெட்டுகத்திக்கு, பாளை அரிவாளுக்கு, ரப்பர் பால்வெட்டும் கத்திக்கு. விளையில் வைத்திருக்கலாம், வேலைக்கு எடுத்துப் போகலாம். அந்த விலக்கை நம்பி ராத்திரி பைக்கில் பின்னால் செருகிக்கொண்டு போனால், ஸ்டேஷனில் உட்கார்ந்து விவசாயத்தை விளக்க வேண்டியிருக்கும். உங்களுடைய 10 அங்குலம் எந்த விவசாயத்துக்கும் செய்ததல்ல.

இந்த விலக்கு காட்டு வாசலில் செல்லாது. நம் மாவட்டக் காட்டின் பெரும்பகுதி கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'ஆயுதம்' என்பதில் கத்தியையும் சேர்த்திருக்கிறது, அங்குலக் கணக்கு ஏதும் இல்லாமல். அதன் 31ஆவது பிரிவுப்படி எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. அனுமதி தர வேண்டியவர் சென்னையில் உள்ள தலைமை வன உயிரினக் காப்பாளர், அல்லது அவர் சார்பில் அதிகாரம் பெற்ற அலுவலர். அந்த அலுவலர் யார் என்று கேட்டு நான் ஒருமுறை மூன்று மேசை ஏறி இறங்கினேன். மூன்றாவது மேசை முதல் மேசையைக் கைகாட்டியது. 'பிளாஸ்டிக் தவிர்' என்று ஆளுயரத்துக்குப் பலகை வைக்கிறார்கள், 'கத்தி கூடாது' என்று ஒரு வரி எழுத மாட்டார்கள். "செக்போஸ்ட்டில் நான் பேசிக்கொள்கிறேன்" என்கிற 'கைடு'களையும் நம்பாதீர்கள். பிடிபட்டால் அவர் போனை எடுக்கமாட்டார்.

ஆகவே காட்டுப் பக்கமான காளிகேசம் போகிற அன்று கத்தி வீட்டில் இருக்கட்டும்; மாங்காயை நறுக்கியே கொண்டுபோங்கள். மருத்துவாழ் மலை பக்தர்கள் ஏறுகிற மலை, அங்கேயும் கத்திக்கு வேலை இல்லை. உங்கள் கத்திக்கு இடம் சித்தப்பாவின் விளைதான். மாங்காய்ப் புளி பட்டால் உடனே கழுவித் துடைத்து, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவி வையுங்கள்.

அப்பா சொன்ன கொல்லரையும் விட்டுவிட வேண்டாம். விளைக்கு அடுத்த வெட்டுகத்தி அவரிடமே அடியுங்கள்.