ஒரே காந்தக்கல்லில் தேய்த்த இரண்டு ஊசிகள்

கேள்வி: மாயாஜாலத் தொடர்கதை ஒன்று எழுதி வருகிறேன். முற்றுகையிடப்பட்ட கோட்டையில் இருக்கும் தளபதியும் பகைவரின் அரண்மனையில் சிறைப்பட்டிருக்கும் இளவரசியும் ரகசியமாகச் செய்தி பரிமாறிக்கொள்ள ஆளுக்கொரு மாயக் கண்ணாடியைக் கொடுத்திருந்தேன். படித்த நண்பர், “இது வீடியோ கால்தானே, இதில் மாயம் எங்கே?” என்று கேட்டுவிட்டார். கண்ணாடிக்குப் பதிலாக எந்தப் பொருளை வைக்கலாம்?

பதில்: நண்பரின் கேள்வி நியாயமானது, ஆனால் குற்றம் கண்ணாடியுடையது அன்று. நினைத்த நேரத்தில், நினைத்ததையெல்லாம், முகம் பார்த்துப் பேசிக்கொள்ள முடிகிற இருவரைப் பிரிந்திருப்பவர்கள் என்று எந்த வாசகரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆகவே, நீங்கள் தேர்ந்தெடுக்கும் பொருளால் எதைச் செய்ய முடியாது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதற்கு நான் காட்டும் முன்மாதிரி, ஐரோப்பாவில் படித்தவர்களிலேயே பலர் ஒரு காலத்தில் மெய்யென்று நம்பிய பொருள். இத்தாலிய யேசு சபைத் துறவியான ஃபாமியானோ ஸ்திராதா 1617இல் வெளியிட்ட நூலில் உள்ள லத்தீன் கவிதை அதை விவரிக்கிறது. வட்டமான தட்டு ஒன்றின் விளிம்பில் எழுத்துகளைப் பொறித்து, நடுவே காந்த ஊசி ஒன்றைச் சுழலும்படி பொருத்த வேண்டும். அதே காந்தக்கல்லில் தேய்த்த இன்னோர் ஊசியுடன் இதே போன்ற தட்டு தொலைதேசத்தில் இருக்கும் நண்பரிடம் இருக்கும். இங்கே ஊசியை ஓர் எழுத்தின் பக்கம் திருப்பினால், அங்கே உள்ள ஊசியும் தானாக அதே எழுத்தின் பக்கம் திரும்பும். ஒரே கல்லைத் தொட்ட ஊசிகளுக்குள் பிரிக்க முடியாத பாசம் உண்டு என்பதே அந்த நம்பிக்கையின் அடிப்படை.

கலிலியோ 1632இல் வெளியிட்ட ‘உரையாடல்’ நூலில் இதைக் கேலி செய்தார். இத்தகைய ரகசியத்தை விற்க வந்த ஒருவனிடம் சக்ரேதோ என்ற பாத்திரம், ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குச் செய்தி அனுப்பிக் காட்டச் சொல்கிறது. அவ்வளவு குறைந்த தூரத்தில் விளைவு தெரியாது என்கிறான் அவன். கெய்ரோவுக்கோ மாஸ்கோவுக்கோ போகத் தமக்கு விருப்பமில்லை என்றும், அவனே போவதானால் வெனிஸில் இருந்தபடி மறுமுனையைத் தாம் கவனித்துக்கொள்வதாகவும் சொல்லி அவர் அவனை அனுப்பிவைக்கிறார். ஆங்கில மருத்துவர் தாமஸ் பிரௌன் சோதித்தே பார்த்தார். 1646இல் வெளியான அவருடைய நூலின்படி, அரைச் சாண் தூரத்தில் ஓர் ஊசியைத் திருப்பியபோதும் மற்றது தூண்போல அசையாமல் நின்றது.

உங்கள் உலகில் அது அசையட்டும். அப்போதும் அந்தத் தட்டில் முகமோ குரலோ கையெழுத்தோ கிடையாது என்பதைக் கவனியுங்கள். மறுமுனையில் ஊசியைத் திருப்புவது இளவரசியா, அவளிடமிருந்து தட்டைப் பறித்துக்கொண்ட காவலனா என்பது தளபதிக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வோர் எழுத்தாகத் திருப்ப நேரம் பிடிக்கும். பாதிச் சொல்லில் ஊசி நின்றுவிட்டால், தாழ்ப்பாள் திறக்கும் ஓசையை நீங்கள் எழுத வேண்டிய தேவைகூட இல்லை. குறித்த நேரத்தில் இருவருமே தட்டின் முன் அமர்ந்திருக்கவும் வேண்டும். இருவரும் வெகுதொலைவில் இருந்தால் இங்கே நள்ளிரவாக இருக்கும்போது அங்கே நள்ளிரவாக இருக்காதே என்ற சிக்கலையும் பிரௌன் அப்போதே எழுப்பியிருக்கிறார்.

கேள்வி: அந்தச் செய்தியை எதிரி இடையில் ஒட்டுக்கேட்பதாக வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் எதிரியின் மந்திரவாதி கண்ணை மூடித் தியானித்து எல்லாவற்றையும் தெரிந்துகொள்வதாக மட்டும் எழுதிவிடாதீர்கள், சலிப்பூட்டும். எதிரி பொருளின் வழியாகவே உள்ளே வரட்டும். ஊசிகளைத் தேய்த்த காந்தக்கல் இப்போது யாரிடம் இருக்கிறது? அது கிடைத்தவன் மூன்றாவதாக ஓர் ஊசியைத் தேய்த்துக்கொள்ளலாம் அல்லவா? ஹாரி பாட்டர் வரிசையின் ஐந்தாம் நூலில் (2003) ஹெர்மயனி தன் குழுவினருக்குக் கொடுக்கும் போலித் தங்க நாணயங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. விளிம்பில் உள்ள எண்கள் மாறி அடுத்த கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் காட்டும். மாறும்போது நாணயம் சூடாகும். சட்டைப் பையைச் சோதித்தாலும் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எதிரிகளின் கையில் பொறிக்கப்பட்ட சூனியக் குறியிலிருந்துதான் அவள் அந்த யோசனையை எடுத்தாள். அடுத்த நூலில் எதிரணியைச் சேர்ந்த மால்ஃபாய் அந்த நாணய யோசனையை அவளிடமிருந்தே களவாடிக்கொள்கிறான்.

கேள்வி: என் கற்பனை நாட்டுக்குத் தனி மொழியும் எழுத்தும் உருவாக்க வேண்டுமா? செய்தி தமிழிலேயே வரலாமா?

பதில்: தமிழிலேயே வரட்டும். 247 எழுத்துகளையும் பொறித்தால் தட்டு மாட்டுவண்டிச் சக்கரம் அளவுக்குப் போய்விடும். உயிர் 12, மெய் 18 என 30 எழுத்துகள் போதும். அதிலும் சிலவற்றைக் குறைத்துக்கொண்டால் இன்னும் நல்லது என்பேன்.

மின்சாரத்தால் இயங்கிய உண்மையான ஊசித் தந்தி 1837க்குப் பிறகு இங்கிலாந்தில் வந்தபோது அதில் ஆங்கிலத்தின் எல்லா எழுத்துகளும் இல்லை. 1845 ஜனவரி முதல் நாள், கொலை செய்துவிட்டு ரயிலேறிய ஜான் டாவெல் என்பவன் ‘குவேக்கர்’ சமயப் பிரிவினரின் உடையில் இருப்பதாக ஸ்லவ் நிலையத்திலிருந்து லண்டனுக்குத் தந்தி கொடுத்தார்கள். கருவியில் ‘க்யூ’ எழுத்து இல்லாததால் அந்தச் சொல்லை ‘கே’, ‘டபிள்யூ’ எனத் தொடங்கி அனுப்ப, மறுமுனையில் இருந்தவர் புரியாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் புரிந்தது, டாவெல் பிடிபட்டான்.

நம் பழைய ஓலைச்சுவடிகளிலும் இதற்கு இணையான குழப்பம் உண்டு. குறில் எகரத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது இலக்கணம். ஆனால் சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்காததால் எகரமும் ஏகாரமும் ஒன்றுபோலவே தெரியும். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த மாற்றத்துக்குப் பிறகே இன்றைய ‘ஏ’ நிலைத்தது. உங்கள் தளபதியின் தட்டும் அந்தப் பழைய முறையில் செய்யப்பட்டதாக இருக்கட்டும். நள்ளிரவில் ஊசி எ, ர், இ என மூன்றே எழுத்துகளைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. கோட்டைக்குப் பின்னால் உள்ள ஏரிக்கு வரச் சொல்கிறாளா, கோட்டையை எரித்துவிடச் சொல்கிறாளா என்பதை விடிவதற்குள் அவர்தான் முடிவு செய்தாக வேண்டும்.