எட்டாவது இன்னிங்ஸில் எழுந்து போன நண்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சிகாகோவில் ஏழு வருடமாக இருக்கிறேன். கப்ஸ் பேஸ்பால் அணி என்றால் எனக்கு உயிர். ஜூன் மாதம் என் கல்லூரித் தோழன் டல்லாஸிலிருந்து மூன்று நாள் வந்திருந்தான். மதுரையில் அவனுடைய அப்பா ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாறிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. மனசுக்கு மாறுதலாக இருக்கட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கப்ஸின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டுக்குக் கூட்டிப் போனேன். காலை பத்தரைக்குக் கிளம்பினோம், 1:20க்கு ஆட்டம். ஒவ்வொரு பந்துக்கும் விளக்கம் சொன்னேன். அவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் மழை வந்து ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் எட்டாவதில், எங்கள் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தபோது, “கிளம்பலாம்டா” என்றான். நான் முடியாது என்றேன். அவன் தனியாக ரயிலேறிப் போய்விட்டான். ஒன்பதாவதில் ஹோம் ரன் அடித்து ஜெயித்தோம். வீட்டுக்கு வந்தால் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு மாதமாகப் போனும் இல்லை. தப்பு என் மேலா?

— பெயர் வேண்டாம், சிகாகோ

தம்பி,

உங்கள் கடிதத்தில் மேட்ச் பற்றி நிறைய இருக்கிறது, நண்பரின் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரி. நான் அந்த வரியில்தான் நின்றுவிட்டேன். 1:20க்கு முதல் பந்து வீசப்பட்டபோது மதுரையில் இரவு 11:50. நீங்கள் சொல்வதைக் கூட்டிப் பார்த்தால் அவர் எழுந்து போனபோது சாயங்காலம் ஐந்து மணி தாண்டியிருக்கும். அங்கே விடிகாலை மூன்றரை, நாலு. நோயாளியோடு இருக்கிறவர் கண்ணை மூடாமல் உட்கார்ந்திருக்கிற நேரம் அது. உங்கள் நண்பர் போனில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்டதாக நீங்கள் எழுதவில்லை.

கடைசி வரை இருந்ததற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அந்த ஊரில் பதினோரு வருடம் இருந்தவள். பேஸ்பாலில் ஓவர் கணக்கு கிடையாது. ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு அணியும் மாறி மாறி பேட் செய்யும். கடைசி அவுட் விழும்வரை எவ்வளவு ரன் வேண்டுமானாலும் எடுக்கலாம், சொந்த மைதானத்துக்காரர்களுக்குத்தான் கடைசி பேட்டிங். ஒரு ரன் பின்தங்கி நிற்கும்போது எழுந்து போக ரசிகனுக்குக் கால் வராது. அதுவும் கப்ஸ் ரசிகர்கள் 1908க்கு அப்புறம் 2016 வரை, 108 வருடம் ஒரு கோப்பைக்காகக் காத்திருந்தவர்கள். ஆனால் இந்த ஆசை உங்களுடையது. நண்பர் கப்ஸைப் பார்க்க விமானம் ஏறவில்லை, உங்களைப் பார்க்க வந்தார். கையில் மூன்று நாள்தான். அதில் ஒரு முழுப் பகலை நீங்கள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கழித்தும், அவரோடு பேசவில்லை.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், மனம் விட்டுப் பேசுவதற்கு இவ்வளவு தோதான ஆட்டம் வேறு இல்லை. பாதி இன்னிங்ஸ் முடிந்து அணிகள் மாறும்போதெல்லாம் இரண்டு நிமிடத்துக்கு மேல் இடைவெளி. ஒன்பதாவது கடைசிப் பாதி வரை போன உங்கள் ஆட்டத்தில் அப்படிப் பதினேழு இடைவெளி. பந்து வீசும் பிட்சரை மாற்றும்போது இன்னும் கொஞ்சம். 2023லிருந்து பிட்சருக்குக் கடிகாரம் வைத்து ஆட்டத்தைச் சுருக்கிவிட்டார்கள். அதற்கு முன்பு மூன்று மணி நேரம் ஓடியது இப்போது இரண்டே முக்காலுக்குள் வந்துவிடுகிறது. அப்படியும் சும்மா உட்காரும் நேரம்தான் அதிகம். போதாததற்கு ஒன்றரை மணி நேரம் மழை வேறு. தார்ப்பாய் போர்த்திய மைதானத்தைப் பார்த்துக்கொண்டு, கூரைக்கு அடியில் இரண்டு பேரும் ஒதுங்கி நின்றிருப்பீர்கள். “அப்பா எப்படிடா இருக்கார், நீ எப்போ போயிட்டு வரப்போறே?” என்று அங்கே கேட்டிருந்தால், மீதி ஆட்டத்தை அவர் வேறு மனசோடு பார்த்திருப்பார் என்று நம்புகிறேன்.

என்னை முதலில் ரிக்லி ஃபீல்டுக்குக் கூட்டிப் போனவர் எங்கள் மாடி வீட்டுப் பாட்டி, ஓய்வு பெற்ற ஆசிரியை. 1988 வரைக்கும் அந்த மைதானத்தில் இரவு விளக்கே இல்லை, எல்லாமே பகல் ஆட்டம்தான். பள்ளி விடுமுறையில் ஒரு பகல் முழுவதும் அங்கே கழிப்பது அவருக்குச் சின்ன வயசுப் பழக்கம். ஆட்டத்தைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “உங்கள் கிரிக்கெட்டில் அவுட் ஆவது பெரிய விஷயம். இங்கே அவுட் ஆவதுதான் வழக்கம், தப்பிப்பதுதான் பெரிய விஷயம். பத்துக்கு மூன்று தடவை அடித்துவிட்டால் அவன் நல்ல பேட்டர்.” அவ்வளவுதான். அப்புறம் ஒரு பென்சிலையும் ஸ்கோர்கார்டையும் என் கையில் கொடுத்துவிட்டு, தான் கொண்டுவந்த சாண்ட்விச்சைப் பிரித்தார்.

அந்த ஸ்கோர்கார்டு எனக்குப் பெரிய துணையாக இருந்தது. பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் 2 என்று ஃபீல்டர்கள் நிற்கும் ஒன்பது இடத்துக்கும் ஒரு எண். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து, அடித்தவர் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸுக்கு எறிந்து அவுட்டாக்கினால் 6-3 என்று எழுத வேண்டும். கைக்கு வேலை இருந்ததால் எனக்கு அலுப்புத் தட்டவில்லை, இடையிடையே வாயும் பேசியது. நாலாவது இன்னிங்ஸில் பந்து போய்ச் சுவரில் படர்ந்த கொடிக்குள் சிக்கிக்கொண்டது. அதைத் தேடாமல் ஃபீல்டர் இரண்டு கையையும் தூக்கினார். அப்படிச் செய்தால் அடித்தவருக்கு இரண்டு பேஸ் என்பது அந்த மைதானத்தின் விதி. எனக்கு ஒன்றும் புரியவில்லை, நானேதான் கேட்டேன். பாட்டி சிரித்துக்கொண்டே சொன்ன பதில் இன்றைக்கும் மறக்கவில்லை. நானாகக் கேட்டதால்தான் மனசில் தங்கியது என்று நினைக்கிறேன். அன்று என் வீட்டுக்காரர் வேலையைப் பற்றி, ஊரில் விட்டுவந்த என் அம்மாவைப் பற்றியெல்லாம் அவரிடம் பேசினேன். அந்த மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்பது நினைவில் இல்லை.

நீங்களோ பந்துக்குப் பந்து பாடம் நடத்தியிருக்கிறீர்கள். அன்பினால்தான் செய்தீர்கள், தெரிகிறது. நமக்குப் பிடித்தது அவனுக்கும் பிடிக்க வேண்டும் என்ற தவிப்பு. ஆனால் கேட்காத காதுக்கு அது சுமை.

இனி இன்னொரு நாள் அவரை அழைத்துப் போவதானால், கிளம்பும் நேரத்தை வீட்டிலேயே பேசிவிடுங்கள். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லோரும் எழுந்து பாடி முடித்ததும், யார் கிளம்பினாலும் மற்றவருக்கு வருத்தமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ரெட் லைன் ரயிலின் அடிசன் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருப்பதால் தனியாகப் போவதும் சிரமமில்லை. வெயிலில் காயும் ப்ளீச்சர்ஸ் என்ற கூரையில்லாத இருக்கைகள் வேண்டாம், மூன்றாம் பேஸ் பக்கம் கூரை நிழலில் உட்காருங்கள். ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும், ஏரிக்காற்று திரும்பினால் ஜூனிலும் குளிரும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. தப்பு யார் மேல் என்று கேட்டீர்கள். அவர் சொல்லாமல் இருந்ததிலும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அப்பா படுத்திருக்கும்போது ஒருவர் தானாக வாயைத் திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. கேட்க வேண்டியவர் நீங்கள், அதனால் போன் செய்ய வேண்டியவரும் நீங்கள்தான். வாட்ஸ்ஆப் செய்தி வேண்டாம், குரல் கேட்கட்டும். சனிக்கிழமை காலையில் கூப்பிடுங்கள். முதல் வார்த்தையாக அப்பாவின் உடம்பை விசாரியுங்கள், இந்த இரண்டு மாதத்தில் என்ன நடந்தது என்று அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். அப்புறம், “அன்னைக்கு உன்னைக் கேட்காமலே இருந்துட்டேன்டா, மன்னிச்சுக்கோ” என்று சொல்லுங்கள். ‘நீயும் பாதியில் போயிட்டே’ என்று மட்டும் சேர்க்காதீர்கள். முடிந்தால் மதுரைக்கு அவர் அம்மாவுக்கும் ஒரு போன் போடுங்கள்.

மேட்ச் பற்றி நீங்களாக எடுக்க வேண்டாம். ஒருநாள் அவரே கேட்பார். கேட்டால் அந்த ஒன்பதாவது இன்னிங்ஸை ஒரு பந்து விடாமல் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா