பண்டாரநாயக்க கொலை வழக்கு: எந்தச் சாட்சியத்தைச் சந்தேகப்படலாம்?

1959 செப்டம்பர் 25 காலை, கொழும்பு ரோஸ்மீட் பிளேசில் தன் வீட்டு விறாந்தையில் வைத்துப் பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க சுடப்பட்டார். மறுநாள் காலை உயிர் பிரிந்தது. சுட்டவர் தல்துவே சோமாராம தேரர் என்றும், சதிக்குப் பின்னால் இருந்தவர்கள் களனி விகாராதிபதி மாபிட்டிகம புத்தரக்கித தேரரும் வியாபாரி எச்.பி. ஜயவர்தனவும் என்றும் 1961 மே மாதம் தீர்ப்பானது. மலையக நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் பேசி ஓய்வுபெற்ற சட்டத்தரணி என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஹட்டனிலிருந்து: சேர், சோமாராமதான் சுட்டார் என்பதே பொய் என்கிறார்களே? விறாந்தையில் இன்னொரு பிக்குவும் இருந்தாராமே?

இருந்தார். அவர் வேறு அலுவலாக வந்தவர். அன்று விறாந்தையில் பிரதமரைப் பார்க்க ஒரு கூட்டமே காத்திருந்தது. பிரதமர் சோமாராமவின் முன் குனிந்து கும்பிட்டார், அடுத்த கணம் காவிக்குள்ளிருந்து ரிவால்வர் வந்தது. வீட்டுக் காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் சுட்டதில் சோமாராமவும் காயப்பட்டு, அங்கேயே பிடிபட்டார். இத்தனை பேர் கண்முன்னே நடந்த ஒன்றைச் சந்தேகிப்பதானால் அந்த விறாந்தையில் நின்ற ஒவ்வொருவரையும் பொய்யர் ஆக்க வேண்டும். என் அபிப்பிராயம், அந்தப் பக்கம் தோண்டி ஒன்றும் கிடைக்காது. சந்தேகத்துக்கு இடமிருப்பது அதற்கு அடுத்த படியில்: யார் அனுப்பினார்கள் என்பதில்.

பண்டாரவளையிலிருந்து: பொலிஸ் அடித்து வாங்கிய வாக்குமூலத்தை வைத்துத்தானே ஐயா எல்லாரையும் மாட்டினார்கள்?

இதில் இரண்டு விஷயம் கலந்துபோயிருக்கிறது, பிரித்துப் பார்ப்போம்.

பொலிஸ்காரரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நமது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி செல்லாது. சோமாராம ஒப்புக்கொண்டது நீதவான் முன்னால். பிறகு அதிலிருந்து பின்வாங்கினார், தன் விருப்பத்தோடு சொன்னதல்ல என்றார். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியிருந்தால் 24ஆம் பிரிவு அதைத் தூக்கி எறிந்துவிடும். பொலிஸ் பிடியில் பல நாள் இருந்த ஒருவர் நீதவான் முன்னால் போய் நின்றதும் பயம் விட்டுப்போகுமா என்பது நியாயமான கேள்விதான். நானே அவருக்காகப் பேசியிருந்தால் அங்கேதான் நின்றிருப்பேன்.

ஆனால் "எல்லாரையும்" என்பது சரியில்லை. தோட்டத்து விசாரணையில் ஒருத்தன் "நானும் அவனும்தான் கொழுந்துச் சாக்கைத் தூக்கினோம்" என்று சொன்னால் துரை ரெண்டு பேரையும் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார். நீதிமன்றத்தில் அது நடக்காது. சேர்த்து விசாரிக்கப்படும் எதிரிகளில், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவர்களில், ஒருவருடைய ஒப்புதலை மற்றவருக்கு எதிராக எடுக்கவே கூடாது என்கிறது நமது 30ஆம் பிரிவு. இந்தியச் சட்டத்தில் எடுக்கலாம், இங்கே முடியாது. இந்தியப் புத்தகம் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குவார்கள். ஆகவே சோமாராமவின் வாய்ச்சொல்லால் மட்டும் புத்தரக்கிதவைத் தொட முடியாது.

அதே நபர்: அப்போ புத்தரக்கித தேரரை எதை வைத்துப் பிடித்தார்கள்?

சதி வழக்கில் 10ஆம் பிரிவு வரும். கூட்டாகத் திட்டமிட்டார்கள் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், அந்தத் திட்டத்தைப் பற்றி ஒருவர் பேசியதும் செய்ததும் மற்றவருக்கு எதிராகவும் நிற்கும். இதோடு, முதலில் எதிரிகளில் ஒருவராக இருந்து, நிபந்தனை மன்னிப்பு வாங்கிக்கொண்டு அரச தரப்புச் சாட்சியாக மாறியவர் ஒருவரும் உண்டு.

சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான் தம்பி. உடந்தையாளரின் சாட்சியத்தை மட்டுமே வைத்துத் தண்டிப்பது சட்டவிரோதமல்ல என்கிறது 133ஆம் பிரிவு. முக்கிய விபரங்களில் வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் அப்படிப்பட்டவரை நம்பத் தகாதவர் என்று ஊகிக்கலாம் என்கிறது 114. மன்னிப்புக் கிடைத்தவருக்குத் தன் கழுத்தைக் காப்பாற்றும் தேவை இருக்கிறது. அவர் சொன்ன ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒவ்வொரு பேச்சுக்கும் வெளியிலிருந்து என்ன துணை இருந்தது என்று வரிவரியாகப் பாருங்கள். யூரிமார் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஐந்து எதிரிகளில் இரண்டு பேரை விடுவித்தார்கள், அதில் ஒருவர் பொலிஸ் இன்ஸ்பெக்டர்.

லிந்துலையிலிருந்து: சுட்டவருக்குத் தூக்கு, சூத்திரதாரிகளுக்கு ஆயுள். மூடிமறைப்புக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இது அவசரத்தில் எழுதிய சட்டத்தின் கோளாறு. மரண தண்டனையை 1958இல் இடைநிறுத்தியதே பண்டாரநாயக்க அரசாங்கம்தான். கொலைக்குப் பிறகு அவசர அவசரமாக, முந்திய குற்றத்துக்கும் பொருந்தும்படி அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அந்த வாசகம் கொலையைப் பிடித்தது, கொலைக்கான சதியைப் பிடிக்கவில்லை. மேன்முறையீட்டில் அது வெளிப்பட்டது, புத்தரக்கித, ஜயவர்தன இருவரின் தூக்கும் ஆயுளாக மாறியது. சோமாராமவை 1962 ஜூலை 6 அன்று வெலிக்கடையில் தூக்கிலிட்டார்கள். அந்தத் தண்டனையே இல்லாத காலத்துக்கும் பொருந்துகிற மாதிரித் தண்டனைச் சட்டம் எழுதியதுதான் எனக்கு உறுத்துகிறது, மூடிமறைப்பு அல்ல.

மஸ்கெலியாவிலிருந்து: அமெரிக்கத் தூதர் அன்று காலை அந்த வீட்டில் இருந்தாராமே?

வந்து போனார். பிரதமர் வீட்டுக்குத் தூதர் வருவது சாட்சியம் ஆகாது. அடுத்த கேள்வி.

பதுளையிலிருந்து: வழக்கு முடிந்த பிறகும் விசாரணை நடந்ததா?

நடந்தது. கொலையின் அரசியல் பக்கங்களை ஆராய 1963இல் ஆணைக்குழு அமைத்தார்கள். வழக்கை விசாரித்த நீதியரசர் டி.எஸ். பெர்னாண்டோவே தலைவர், கூட எகிப்து, கானா நீதிபதிகள் ஒவ்வொருவர். தீர்ப்பு எழுதிய கையே மறுபடி அதே பொருளைத் தொடுவது எனக்கு அவ்வளவு பிடித்த ஏற்பாடு இல்லை. யாரும் இதைப் பெரிதாகக் கேட்பதுமில்லை.

தலவாக்கலையிலிருந்து: அண்ணே, அவர் உயிரோடு இருந்திருந்தால் நம்ம மலையக ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பியிருக்க மாட்டார்களா?

இந்தியாவோடு செய்த 1964 ஒக்டோபர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது அவருடைய மனைவி சிறிமாவோ. 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும், 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று முடித்தார்கள். ஆனால் 1956 முதல் மூன்று வருஷம் அவரே பிரதமராக இருந்தபோதும் நம்முடைய பிரஜாவுரிமைச் சிக்கல் தீரவில்லை. இருந்திருந்தால் என்ற கேள்விக்கு எந்தப் பிரிவும் உதவாது.

ஹட்டனிலிருந்து மறுபடி: மேன்முறையீட்டுத் தீர்ப்பை எங்கே வாசிக்கலாம்?

நியூ லோ ரிப்போர்ட்ஸ் என்ற தீர்ப்புத் தொகுப்பின் 63ஆம் தொகுதி. பழைய சட்டத்தரணி யாருடைய அலுவலகத்திலாவது தூசி தட்டினால் கிடைக்கும். வாங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.