இடுப்புக் கிண்ணம் உடைந்தால் த்ரீ-டி படம் எதற்கு?

கேள்வி: கார் விபத்தில் என் கணவருக்கு (41 வயது) வலது இடுப்பு மூட்டு நழுவி, கிண்ண எலும்பும் உடைந்துவிட்டது. நழுவிய மூட்டை அன்றே சரியாகப் பொருத்திவிட்டார்கள். எக்ஸ்-ரே, சி.டி. ஸ்கேன் இரண்டும் எடுத்தாயிற்று. இப்போது த்ரீ-டி படமும் வேண்டும் என்கிறார் மருத்துவர். மறுபடியும் கதிர்வீச்சா? அவசியம்தானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அவசியம்தான், சகோதரி. ஆனால் பெரும்பாலும் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்காது. மெல்லிய வெட்டுகளாக (அடுக்கடுக்கான குறுக்குப் படங்களாக) எடுத்த சி.டி. என்றால், அதே பதிவிலிருந்து கம்ப்யூட்டரிலேயே முப்பரிமாணப் படத்தை உருவாக்கிவிடலாம். கூடுதல் கதிர்வீச்சு துளியும் இல்லை. ஸ்கேன் சென்டரில் ஃபிலிம் மட்டும் போதாது, முழுப் பதிவையும் கேட்டு வாங்குங்கள். மூட்டைப் பொருத்துவதற்கு முன்பு எடுத்த ஸ்கேன் என்றால் மட்டும் இன்னொன்று தேவைப்படும், அப்போது மறுக்காதீர்கள்.

தொடை எலும்பின் தலை பொருந்தி உட்காரும் இந்தக் கிண்ணத்தை முன்னும் பின்னுமாக இரண்டு எலும்புத் தூண்கள் தாங்குகின்றன. எந்தத் தூண், கிண்ணத்தின் எந்தச் சுவர் (விளிம்புப் பகுதி) உடைந்தது என்பதை வைத்து, பிரெஞ்சு மருத்துவர்கள் ஜூடேயும் லெட்டூர்னெலும் 1964-இல் இந்த முறிவுகளை 10 வகைகளாகப் பிரித்தார்கள். இன்றும் நாங்கள் பேசுவது அந்தக் கணக்கில்தான். அவர்கள் எக்ஸ்-ரேயை வைத்தே இதைச் செய்தார்கள். நேராக ஒன்று, 45 டிகிரி சாய்த்து இரண்டு. உடைந்த இடுப்போடு ஒருவரைச் சாய்த்துப் படுக்க வைத்தால் எப்படி வலிக்கும் என்று உங்களுக்கே தெரியும். அப்படி எடுத்தாலும் எலும்புகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்.

த்ரீ-டி படத்தில் தொடை எலும்பின் தலையை அழித்துவிட்டு, கிண்ணத்துக்குள் நேராகப் பார்க்கலாம். பின்சுவர் மட்டும் பெயர்ந்திருக்கிறதா, விரிசல் இரண்டு தூண்களையும் குறுக்கே வெட்டுகிறதா என்பது புரிந்துவிடும். முழங்கால் டேஷ்போர்டில் மோதியிருந்தால் பெரும்பாலும் பின்சுவர்தான் உடையும். முன்பக்கம் திறப்பதா, பின்பக்கமா, பிளேட் எங்கே வைப்பது எல்லாம் இதை வைத்துத்தான் முடிவாகும்.

ஆனால் அந்தப் படம் மட்டும் போதாது. மெல்லிய விரிசலையும், மூட்டுக்குள் சிக்கிய சின்னச் சில்லையும் அது மறைத்துவிடக்கூடும். அவை சி.டி. வெட்டுகளில்தான் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நான் எந்த முடிவும் எடுப்பதில்லை.

எடை தாங்கும் பகுதியில் உடைந்த துண்டுகள் 2 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் பொதுவாக அறுவை சிகிச்சைதான். அதை அடிபட்ட 2 வாரத்துக்குள் செய்வது நல்லது. 3 வாரம் தாண்டினால் துண்டுகள் கோணலாக ஒட்டத் தொடங்கி, சரிசெய்வது மிகவும் கடினமாகிவிடும். தள்ளிப்போடாதீர்கள். இன்றே இன்னொன்றும் பாருங்கள்: அந்தக் காலின் பாதத்தை அவரால் மேல்நோக்கித் தூக்க முடிகிறதா? முடியாவிட்டால், இடுப்பின் பின்புறமாகக் காலுக்குச் செல்லும் சியாட்டிக் நரம்பு அடிபட்டிருக்கலாம். உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.